மராட்டிய வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது? புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வழி

மராட்டியர் என்றதும் நம்மில் பலருக்கு இரண்டு காட்சிகள்தான் நினைவுக்கு வரும். ஒன்று, 1659-ல் பிரதாப்கட் அடிவாரத்தில் பீஜப்பூர்த் தளபதி அப்சல் கானைச் சந்திக்கப் போகும் சிவாஜி. இன்னொன்று, 1761-ல் பானிபட்டில் நொறுங்கிப் போன பெரும்படை. நடுவில் நூறு ஆண்டுகள் கிடக்கின்றன. புனேயைச் சுற்றிச் சில மலைக்கோட்டைகளை வைத்திருந்தவர்கள், டெல்லிச் சிம்மாசனத்துக்கே காவல் நிற்கும் இடத்துக்கு வந்து சேர்ந்த கதை அந்த நூறு ஆண்டுகளுக்குள் இருக்கிறது. பள்ளிப் புத்தகம் அதை "ஔரங்கசீப் இறந்தார், முகலாயர் வீழ்ந்தனர், மராட்டியர் எழுந்தனர்" என்று ஒரே மூச்சில் முடித்துவிடும்.

நானும் அந்த ஒற்றை வரியை நம்பித்தான் படிக்க உட்கார்ந்தேன். பெயர்க் குழப்பத்தில் மாட்டிக்கொண்டு இரண்டு முறை பாதியிலேயே மூடி வைத்தேன். மூன்றாவது முறை படிக்கும் வரிசையை மாற்றிப் பார்த்தேன், பிடிபட்டது. அந்த வரிசையைத்தான் இங்கே சொல்கிறேன். வாரக் கடைசிகளில் படித்தால் இரண்டு மூன்று மாதத்தில் ஒரு நல்ல அடித்தளம் கிடைத்துவிடும்.

படி 1: புத்தகத்துக்கு முன் வரைபடம்

இந்தியாவின் நிலவியல் வரைபடம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேற்குக் கடற்கரையை ஒட்டிய ஒடுங்கிய பட்டை கொங்கண். அதற்குக் கிழக்கே சுவர்போல் எழுவது சஹ்யாத்ரி, அதாவது நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் வடபகுதி. மலையைத் தாண்டினால் தேஷ் எனப்படும் மேட்டுநிலம். மலையின் கிழக்குச் சரிவில் உள்ள பள்ளத்தாக்குகளுக்கு மாவள் என்று பெயர். சிவாஜியின் முதல் காலாட்படை அங்கிருந்து வந்தது.

இந்த மலைகள் எரிமலைக் குழம்பு இறுகி உண்டானவை. உச்சி தட்டையாக இருக்கும், பக்கங்கள் செங்குத்தாக இறங்கும். பாறையில் தொட்டி வெட்டினால் மழைநீர் நிற்கும். பாதிக் கோட்டையை இயற்கையே கட்டிக் கொடுத்துவிடுகிறது. பீரங்கியை மேலே ஏற்றுவது பெரும்பாடு. மழைக்காலத்தில் அடிவாரத்தில் முற்றுகையிட்டு உட்காருவதும் அப்படித்தான்.

இனி இந்த ஊர்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சிவநேரி, புனே, ராய்கட், சதாரா, கோல்ஹாப்பூர். தெற்கே பீஜப்பூர், கோல்கொண்டா, செஞ்சி, தஞ்சாவூர். வடக்கே புர்ஹான்பூர், உஜ்ஜயினி, டெல்லி. நர்மதை ஆற்றைத் தடித்த கோடாகப் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மராட்டியர் நர்மதைக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று கேட்டுக்கொண்டே போனால் வழி தவறாது.

படி 2: நான்கு சொற்கள், ஒரு கணக்கு

போர்களின் பெயர்களை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் வருவாய்ச் சொற்கள்.

வதன் என்பது பரம்பரை உரிமை. நம் பக்கத்து மிராசு போன்றது என்று வைத்துக்கொள்ளலாம். ஊர்த்தலைவரான பாட்டீல், வட்டாரத் தலைவரான தேஷ்முக் இவர்களெல்லாம் வதன்தாரர்கள். அரசர்கள் மாறினாலும் வதன் எளிதில் கைமாறாது. அதனால் இந்த வரலாற்றில் ஒருவர் கட்சி மாறும்போது, முதலில் அவருடைய வதன் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பாருங்கள்.

சௌத் என்பது மதிப்பிட்ட வரியில் நாலில் ஒரு பங்கு. "இதைக் கொடுத்தால் உங்கள் ஊரைக் கொள்ளையிட மாட்டோம், வேறு யாரும் கைவைக்காமல் பார்த்துக்கொள்வோம்" என்ற ஏற்பாடு. சிவாஜி புதிதாகக் கண்டுபிடித்ததல்ல இது. டாமன் பகுதிப் போர்த்துகீசியர் பக்கத்துச் சிற்றரசருக்கு ஏற்கெனவே சௌத் கட்டி வந்தார்கள்.

சர்தேஷ்முகி என்பது அதற்கு மேல் பத்தில் ஒரு பங்கு. நாட்டின் தலைமை தேஷ்முக் நானே என்று மராட்டிய அரசர் உரிமை கொண்டாடிய வகையில் வந்தது.

சரஞ்சாம் என்பது படை வைத்துக்கொள்வதற்காக ஒரு தலைவருக்கு ஒதுக்கிய நிலவருவாய்.

இப்போது கணக்கு. ஒரு வட்டாரத்தின் வரி 100 ரூபாய் என்றால் சௌத் 25, சர்தேஷ்முகி 10, ஆக 35 மராட்டியருக்கு. மீதி 65 முகலாய அதிகாரிக்கு. 1719-க்குப் பிறகு நடந்த பங்கீட்டில், சௌத்தின் 25 ரூபாயில் நாலில் ஒரு பங்கு, அதாவது ஆறேகால் ரூபாய், அரசருக்குப் போனது. மீதி பதினெட்டே முக்காலில் பெரும்பகுதி அதை வசூலித்த படைத்தலைவர்களான சர்தார்களின் கையில் நின்றது. புது வட்டாரம் ஒன்றைப் பிடித்தால் அரசரைவிடச் சர்தாருக்கே லாபம் அதிகம். படை ஏன் நிற்காமல் ஓடியது, பின்னால் அந்தச் சர்தார்கள் ஏன் தனித்தனி அரசர்களாக ஆனார்கள் என்ற இரண்டு கேள்விகளுக்கும் பாதி விடை இந்தக் கணக்கில் இருக்கிறது.

படி 3: சிவாஜியை ஒரு கேள்வியோடு படியுங்கள்

சிவாஜியைப் பற்றி எழுதியவை ஏராளம். புதியவர்கள் அங்கேயே மூழ்கிவிடுவார்கள். ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள்: இவர் எதைக் கட்டினார், அதில் எது அவருக்குப் பின்னும் நின்றது?

காலவரிசை சுருக்கமாக. 1630-ல் பிறப்பு. தந்தை ஷாஹாஜி முதலில் அகமதுநகர் சுல்தானுக்கும் பிறகு பீஜப்பூர் சுல்தானுக்கும் சேவை செய்த தளபதி. 1640-களின் நடுவில் தோரணா கோட்டையிலிருந்து தொடக்கம். 1664-ல் சூரத் சூறை. 1665-ல் முகலாயத் தளபதி ராஜா ஜெய்சிங்கிடம் பணிந்து புரந்தர் ஒப்பந்தம். 23 கோட்டைகள் முகலாயருக்குப் போயின, 12 மிஞ்சின. 1666-ல் ஆக்ராவில் காவலிலிருந்து தப்பினார். 1674 ஜூனில் ராய்கட்டில் முடிசூட்டு. 1680 ஏப்ரலில் மறைவு.

இதில் இரண்டு இடங்களில் நிதானியுங்கள். ஒன்று, அவர் படைத்தலைவர்களுக்கு நிலம் ஒதுக்குவதை முடிந்தவரை தவிர்த்து, கருவூலத்திலிருந்து சம்பளமாகவே கொடுக்கப் பார்த்தார். இது பின்னால் தலைகீழாகப் போகிறது. இன்னொன்று 1677-ன் தெற்குப் படையெடுப்பு. கோல்கொண்டாவோடு கூட்டு வைத்துக்கொண்டு வந்து செஞ்சியைப் பிடித்தார். அடுத்த ஆண்டு வேலூரும் கைக்கு வந்தது. பூர்வீக மண்ணிலிருந்து இவ்வளவு தூரத்தில் ஒரு கோட்டை எதற்கு என்று அன்றைக்குக் கேட்டிருந்தால் நியாயமான கேள்விதான். பன்னிரண்டு ஆண்டு கழித்து அதற்குப் பதில் கிடைத்தது.

படி 4: 1681 முதல் 1707 வரை. இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும்

வாசிப்பு நேரத்தில் மூன்றில் ஒரு பங்கை இந்த 26 ஆண்டுகளுக்குக் கொடுங்கள் என்பேன். "முகலாயர் வீழ்ந்ததால் மராட்டியர் எழுந்தனர்" என்ற வரி இங்கே உடைகிறது. ஏனென்றால் இந்தக் காலத்தில் முகலாயர் வரைபடத்தில் முன்னெப்போதையும்விடப் பெரிதாகிக்கொண்டிருந்தார்கள்.

ஔரங்கசீப் தன் மொத்த அரசவையோடும் தக்காணத்துக்கு வந்து இறங்கினார். 1686-ல் பீஜப்பூர் விழுந்தது. 1687-ல் கோல்கொண்டா விழுந்தது. 1689 தொடக்கத்தில் சிவாஜியின் மகன் சம்பாஜி சங்கமேஷ்வரில் பிடிபட்டு, மார்ச்சில் கொல்லப்பட்டார். அதே ஆண்டு ராய்கட்டும் விழுந்தது. சம்பாஜியின் மனைவி ஏசுபாயும் ஏழு வயது மகன் ஷாஹுவும் கைதிகளானார்கள். அரசர் இல்லை, தலைநகர் இல்லை, வாரிசு எதிரியின் கூடாரத்தில். அன்றைக்கு யாரைக் கேட்டிருந்தாலும் மராட்டியர் கதை முடிந்தது என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

சம்பாஜியின் தம்பி ராஜாராம் மாறுவேடத்தில் தெற்கே ஓடினார். வழியில் கெளடி அரசி சென்னம்மா அடைக்கலம் கொடுத்தார். போய்ச் சேர்ந்த இடம் செஞ்சி. சிவாஜி பிடித்து வைத்த அந்தத் தொலைதூரக் கோட்டை இப்போது மராட்டியத் தலைநகர்.

ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று குன்றுகளைச் சேர்த்து மதில் எழுப்பிய கோட்டை அது. முகலாயத் தளபதி சுல்பிகார் கான் 1690-ல் வந்து முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698-ல். எட்டு ஆண்டு. நடுவில் மராட்டியத் தளபதிகள் சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் வெளியிலிருந்து வந்து முற்றுகையிட்டவர்களையே முற்றுகையிட்டார்கள். முகலாய முகாமுக்குத் தானியம் வரும் வழி அடைபட்டது. கூடவே இருந்த ஔரங்கசீப்பின் மகன், இளவரசர் காம் பக்‌ஷ் எதிரியோடு ரகசியமாகப் பேசுகிறார் என்று சுல்பிகார் கானே அவரைக் காவலில் வைத்தார். 1693 தொடக்கத்தில் முகலாயப் படை வந்தவாசிக்குப் பின்வாங்க வேண்டியதாயிற்று. மறுபடி வந்து கடைசியில் கோட்டையைப் பிடித்தபோது ராஜாராம் உள்ளே இல்லை, முன்பே நழுவிவிட்டார். சுல்பிகார் கான் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்று அந்தக் காலத்திலேயே பலர் சந்தேகப்பட்டார்கள். எட்டு ஆண்டுக் கணக்கைப் பார்த்தால் எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு.

ஒரு சின்னக் கிளைக்கதை. செஞ்சியைப் பிடித்த முகலாயர் அதை ஸ்வரூப் சிங் என்ற புந்தேலா தலைவரிடம் ஒப்படைத்தார்கள். அவருடைய மகன் தேஜ் சிங் 1714-ல் ஆற்காட்டு நவாபோடு மோதி இளம் வயதிலேயே இறந்தார். அந்தத் தேஜ் சிங்தான் நம் ஊர்க் கதைப்பாடல்களில் வரும் தேசிங்கு ராஜா.

சரி, மையக் கதைக்கு வருவோம். அந்த எட்டு ஆண்டுகளில் ராஜாராம் ஒரு காரியம் செய்தார். சம்பளம் கொடுக்கக் கருவூலம் காலி. அதனால் "எந்த நிலத்தை முகலாயரிடமிருந்து பிடிக்கிறீர்களோ அது உங்களுக்கு" என்று தலைவர்களுக்குச் சாசனம் எழுதிக் கொடுத்தார். சிவாஜி தவிர்க்கப் பார்த்தது இதைத்தான். ஆனால் வேறு வழியும் இல்லை. இதன் விளைவாக, வீழ்த்துவதற்கு ஒரு தலைநகரோ ஒரு படையோ இல்லாமல் போனது. ஔரங்கசீப் ஒரு கோட்டையைப் பிடித்தால் பத்து இடத்தில் வேறு பத்துப் பேர் வரி வசூலித்துக்கொண்டிருந்தார்கள். பீஜப்பூரும் கோல்கொண்டாவும் கலைந்ததில் வேலையிழந்த குதிரைவீரர்களில் பலரும் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தார்கள்.

1700-ல் ராஜாராம் இறந்தார். அவருடைய மனைவி தாராபாய், சின்னஞ்சிறு மகனைப் பட்டத்தில் வைத்துப் போரை நடத்தினார். எண்பதைத் தாண்டிய ஔரங்கசீப் சதாரா, பன்ஹாளா, சிங்ககட் என்று கோட்டை கோட்டையாக அலைந்தார். பல கோட்டைகள் சண்டையில் விழாமல் காசு வாங்கிக்கொண்டு கதவைத் திறந்தன. கொஞ்ச நாளில் மராட்டியர் திரும்பப் பிடித்தார்கள். அதற்குள் மராட்டியக் குதிரைகள் நர்மதையைத் தாண்டி மால்வாவுக்கும் குஜராத்துக்கும் போய்வரத் தொடங்கிவிட்டன. 1707-ல் அகமதுநகரில் ஔரங்கசீப் இறந்தபோது வரைபடத்தில் அவருடைய பேரரசு மிகப் பெரியது. கஜானாவில்தான் ஒன்றும் வந்து சேரவில்லை.

படி 5: 1707 முதல் 1719 வரை. காகிதத்தில் வென்ற காலம்

இந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் பெரிய போர்க்களக் காட்சிகள் குறைவு, அதனால் பலர் தாவிவிடுவார்கள். தாவாதீர்கள்.

ஔரங்கசீப்பின் மகன் அசம் ஷா, 18 ஆண்டு கைதியாக இருந்த ஷாஹுவை 1707-ல் விடுவித்தார். ஷாஹு ஊர் திரும்பினால் தாராபாயோடு சண்டை வரும், மராட்டியர் தங்களுக்குள் அடித்துக்கொள்வார்கள் என்பது கணக்கு. கணக்குத் தப்பவில்லை. சதாராவில் ஷாஹு, பின்னர் கோல்ஹாப்பூரில் இன்னொரு கிளை என்று வீடு இரண்டானது. ஆனால் இந்தச் சண்டையில் ஷாஹுவுக்காக ஒவ்வொரு தலைவராகப் பேசி அழைத்து வந்த ஒரு கணக்குப்பிள்ளைக் குடும்பத்து ஆள், பாலாஜி விஸ்வநாத், 1713-ல் பேஷ்வா, அதாவது அரசரின் தலைமை மந்திரி ஆனார். கடற்படைத் தலைவர் கான்ஹோஜி ஆங்கரேயை ஷாஹு பக்கம் திருப்பியது அவருடைய பேச்சுவார்த்தைதான்.

அதே நேரத்தில் டெல்லியில் சையது சகோதரர்கள் என்ற இரண்டு முகலாயப் பிரபுக்கள் பேரரசர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் உசேன் அலி கான் 1718-ல் மராட்டியரோடு ஓர் ஒப்பந்தம் பேசினார். தக்காணத்தின் ஆறு மாகாணங்களில் சௌத்தும் சர்தேஷ்முகியும் ஷாஹுவுக்கு. பதிலுக்கு ஷாஹு 15,000 குதிரைப்படை வைத்திருக்க வேண்டும், ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய் கப்பம் கட்ட வேண்டும். பேரரசர் பரூக்சியர் ஏற்க மறுத்தார். 1719-ல் பாலாஜி விஸ்வநாத்தின் படை உசேன் அலியோடு டெல்லிக்குப் போனது. பரூக்சியர் இறக்கப்பட்டார், புதியவர் பெயரில் சாசனம் வந்தது. ஏசுபாயும் முப்பது ஆண்டு சிறைக்குப் பிறகு வீடு திரும்பினார். அந்த ஒரே ஆண்டில் டெல்லி நான்கு பேரரசர்களைப் பார்த்தது.

நாற்பது ஆண்டுகள் வாளால் வசூலித்ததை இப்போது முகலாய முத்திரையோடு வசூலிக்கலாம். என் பார்வையில் மராட்டியர் எழுச்சியின் திருப்புமுனை இந்தச் சாசனம்தான். முகலாயப் பேரரசைத் தள்ளிவிட்டு அவர்கள் மேலே வரவில்லை, அதன் பெயரைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் ஆங்கிலக் கம்பெனியும் 1765-ல் வங்காளத்தின் திவானி உரிமையை, அதாவது வரி வசூலிக்கும் உரிமையை, முகலாயப் பேரரசரிடமே கேட்டு வாங்கிக்கொண்டது.

படி 6: பாஜிராவை வேகமாகப் படிக்கலாம், அவரும் வேகமானவர்தான்

பாலாஜியின் மகன் முதலாம் பாஜிராவ் 1720-ல் இருபதாவது வயதில் பேஷ்வா ஆனார். ஒரு போரை மட்டும் வரைபடத்தோடு படியுங்கள்: 1728-ன் பால்கேட். ஐதராபாத்தில் தனியாட்சி அமைத்துக்கொண்ட நிஜாம், கனத்த பீரங்கிகளோடு புனே வட்டாரத்தில் புகுந்தார். பாஜிராவ் அங்கே போய் மோதாமல் நிஜாமின் சொந்த நிலங்களைச் சூறையாடிக்கொண்டே சுற்றினார். துரத்தி வந்த நிஜாம் பீரங்கிகளைப் பின்னால் விட்டுவிட்டு ஓடிவர, கடைசியில் தண்ணீர் கிடைக்காத இடத்தில் சுற்றி வளைக்கப்பட்டு, சௌத் உரிமையை ஒப்புக்கொண்டார்.

1737-ல் பாஜிராவ் வழியில் நின்ற முகலாயப் படைகளைச் சுற்றிக்கொண்டு டெல்லியின் வாசலில் தால்கடோராவில் போய் நின்றுவிட்டுத் திரும்பினார். நகரத்தைப் பிடிக்கவில்லை. பிடிக்க முடியும் என்று காட்டியதே போதுமாக இருந்தது. அடுத்த ஆண்டு போபால் அருகே நிஜாம் மறுபடி பணிந்தபோது மால்வா கைக்கு வந்தது. 1740-ல் நர்மதைக் கரையில் ராவேர்கேடியில் காய்ச்சலில் இறந்தார், நாற்பது வயதுகூட நிறையவில்லை. பட்டியல் முழுக்க வெற்றிகள் இருந்தும் வாழ்நாள் முழுக்கக் கடன்காரர். படி 2-ன் கணக்கை எடுத்துப் பாருங்கள், காரணம் தெரியும்.

படி 7: பெயர்க் குழப்பத்துக்கு ஒரு துண்டுச்சீட்டு

இதை எழுதிப் புத்தகத்தில் செருகி வையுங்கள். பாலாஜி விஸ்வநாத்தின் பேரன் பாலாஜி பாஜிராவ், இவரே நானாசாகிப். மந்திரி நானா பட்னவிஸ் வேறு. 1857-ன் நானா சாகிப் அதற்கும் வேறு, கடைசிப் பேஷ்வா இரண்டாம் பாஜிராவின் தத்துப்பிள்ளை. போன்ஸ்லே என்றால் சதாரா, கோல்ஹாப்பூர், நாக்பூர், தஞ்சாவூர் என நான்கு வீடுகள். புரந்தர் ஒப்பந்தம் 1665-ல் ஒன்று, 1776-ல் ஆங்கிலேயரோடு இன்னொன்று. சதாராவின் ஷாஹுவையும் தஞ்சையின் ஷாஹஜியையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

பெரிய சர்தார் வீடுகள்: உஜ்ஜயினியிலும் பிறகு குவாலியரிலும் சிந்தியா, இந்தூரில் ஹோல்கர், பரோடாவில் கெய்க்வாட். நாக்பூர் போன்ஸ்லேக்கள் கிழக்கே வங்காளம் வரை போய், 1751-ல் ஆண்டுக்கு 12 லட்சம் சௌத் பேசி முடித்தார்கள். அந்த வீட்டு ரகுஜிதான் 1741-ல் திருச்சிராப்பள்ளியைப் பிடித்து சந்தா சாகிபைச் சதாராவுக்குக் கைதியாகக் கொண்டுபோனவர்.

தேதிகளும் படுத்தும். ஔரங்கசீப் இறந்தது பிப்ரவரி 20 என்று ஒரு புத்தகத்திலும் மார்ச் 3 என்று இன்னொன்றிலும் இருக்கும். இரண்டும் ஒரே நாள்தான். பழைய ஜூலியன் நாட்காட்டிக்கும் புதிய நாட்காட்டிக்கும் அன்றைக்கு 11 நாள் வித்தியாசம்.

படி 8: பானிபட்டைக் கடைசியில் வையுங்கள்

இதையெல்லாம் படித்த பிறகு 1761 ஜனவரி 14-க்குப் போனால் வேறொரு கேள்வி எழும். மராட்டியப் படை அவ்வளவு வடக்கே என்ன செய்துகொண்டிருந்தது? 1752-லேயே முகலாயப் பேரரசரைப் பாதுகாக்கும் பொறுப்பை ஒப்பந்தம் போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஆப்கானிய அரசர் அகமது ஷா அப்தாலியோடு மோதல் அந்தப் பொறுப்பிலிருந்துதான் வந்தது. வேகமாக ஓடிப் பழகிய படை அங்கே பீரங்கிகளோடும் குடும்பங்களோடும் ஓரிடத்தில் உட்கார்ந்து, தானியம் அடைபட்டுப் பட்டினி கிடந்தது. பால்கேட்டில் நிஜாமுக்கு நேர்ந்தது நினைவுக்கு வரும்.

அங்கேயும் நிறுத்தாதீர்கள். பத்தே ஆண்டில் மகாதஜி சிந்தியா டெல்லிக்குத் திரும்பினார். 1772 தொடக்கத்தில் பேரரசர் இரண்டாம் ஷா ஆலமை மராட்டியக் காவலில் அரண்மனைக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். அந்தக் காவல் 1803 செப்டம்பரில் ஆங்கிலப் படை டெல்லிக்குள் நுழையும் வரை விட்டுவிட்டு நீடித்தது.

படி 9: போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள்

மகாராஷ்டிராவுக்குப் போக முடிந்தால் ராய்கட், பிரதாப்கட். முடியாவிட்டால் செஞ்சி போதும். 2025-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த பன்னிரண்டு மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிராவுக்கு வெளியே இருப்பது இது ஒன்றுதான். காலையிலேயே கிளம்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். ராஜகிரியின் உச்சிக்குச் சற்று முன் ஒரு பிளவும் அதைக் கடக்க ஒரு சிறு பாலமும் வரும். பாலத்தை எடுத்துவிட்டால் அப்புறம் மேலே போக வழியில்லை. எட்டு ஆண்டு எப்படித் தாங்கியது என்று அங்கே நின்றால் விளங்கும்.

பிறகு தஞ்சாவூர். சிவாஜியின் மாற்றாந்தாய்க்குப் பிறந்த சகோதரர் ஏகோஜி 1670-களின் நடுவில் தொடங்கிய ஆட்சி அங்கே. பெரிய கோயிலின் சுவரில் இரண்டாம் சரபோஜி தன் குலத்தின் வரலாற்றை மராத்தியில் நீளமாக வெட்டி வைத்திருக்கிறார். வெட்டிய ஆண்டு 1803. நான்கு ஆண்டுகளுக்கு முன்பே நாட்டைக் கம்பெனியிடம் ஒப்படைத்துவிட்டார், டெல்லியும் அந்த ஆண்டுதான் போனது. கையில் வரைபடம் இருந்தால் அந்தக் கல்வெட்டுக்கு முன்னால் விரித்துப் பாருங்கள்.